புதுப்பிப்பு: மேம்பட்ட நிலைப் பணிக்கான ஆண்டுத் திட்டத்தில் இலக்கை எழுதுவது எப்படி?

மேம்பட்ட நிலையில் (கூடுதல் பயிற்சி பெற்று, நோயாளியைத் தாமே பரிசோதித்து முடிவெடுக்கும் பொறுப்பில்) பணிபுரியும் செவிலியர், பிசியோதெரபிஸ்ட் போன்றோர் ஆண்டுத் திட்டத்தைச் சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆய்வு என நான்கு தூண்களாகப் பிரித்து எழுதலாம் என்று முந்தைய இழையில் சொல்லியிருந்தேன். "இலக்கு எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு இந்தப் பதில்.

"நெஞ்சு எக்ஸ்ரே பார்க்கப் பழகுவேன்" என்பது இலக்கு இல்லை, ஆசை. இப்படி எழுதுங்கள்: ஆறு மாதத்தில் 60 படங்கள். ரேடியாலஜி அறிக்கையைத் திறக்கும் முன்பே என் கணிப்பை எழுதிவைப்பேன். பிறகு ஒப்பிட்டு, தவறவிட்டவை ஒரு பக்கம், இல்லாததை இருப்பதாகச் சொன்னவை மறுபக்கம். 20 படங்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளருடன் அலசல். அறிக்கையை முதலில் பார்த்துவிட்டால் கண் அதையே தேடும், பயிற்சி வீண். இயல்பான படங்களையும் கலந்து எடுங்கள். நோயுள்ளவற்றை மட்டுமே பார்த்துப் பழகினால் எங்கும் நிழல்தான் தெரியும்.

உங்கள் வேலையை இன்னொருவர் நேரில் கவனித்து மதிப்பிடும் படிவங்களைக் கடைசி மாதத்தில் குவிக்காதீர்கள். குறை சொன்னாலும் திருத்திக் காட்ட அவகாசம் இருக்காது. ஒரே நண்பரிடம் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்குவதும் எடுபடாது.

உங்கள் பணிக்கான சான்றுகளைச் சேர்த்துவைக்கும் தொகுப்பில் நோயாளியின் பெயரையும் பதிவு எண்ணையும் நீக்கினால் மட்டும் போதாது. அரிய நோயோடு தேதியும் வார்டும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பலரும் காலியாக விடுவது ஆய்வுத் தூணைத்தான். கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்றில்லை, முறையான மருத்துவத் தணிக்கை (நம் சிகிச்சை வகுத்த தரத்தின்படி நடக்கிறதா என்று அளந்து பார்ப்பது) ஒன்று நல்ல தொடக்கம். ஆனால் அளந்து, மாற்றி, மறுபடி அளக்க வேண்டும். பெரும்பாலும் முதல் அளவோடு நின்றுவிடுகிறார்கள். மறு அளவீட்டுக்கான தேதியையும் இப்போதே திட்டத்தில் குறித்துவிடுங்கள்.