சுட்ட கேஸின் ஹெட்ஸ்பேஸ் அளவு நிலையாக வரவில்லை: எங்கே கோளாறு?

கேள்வி:

வணக்கம். என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். அதில் சுட்ட கேஸ்களையே (தோட்டாவின் பித்தளைக் கூடுகளை) டை என்ற அச்சில் போட்டு நெருக்கி, மறுபடி நிரப்புகிறேன். கேஸின் கழுத்துக்குக் கீழே சரியும் தோளை 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும் என்பது என் திட்டம். அடியிலிருந்து தோள் வரையுள்ள தூரத்தை, டிஜிட்டல் வெர்னியரில் கம்பேரேட்டர் என்ற துணைக்கருவியை மாட்டி, 0.400 அங்குலத் துளையுள்ள இன்செர்ட் வைத்து அளக்கிறேன். ஆனால் அளவுகளை நம்ப முடியவில்லை.

ஒரே துப்பாக்கியில் சுட்ட கேஸ்கள் 1.628 முதல் 1.632 வரை காட்டுகின்றன. ஒரே கேஸைத் திருப்பி வைத்தாலே அளவு மாறுகிறது. 1.630 என்று பொறித்த கோ கேஜை (சேம்பரைச் சோதிக்கும் துல்லியமான அளவுக்கட்டையை) வைத்தால் 1.626 வருகிறது. எல்லாவற்றையும் விடப் புரியாதது, டையில் போட்டு எடுத்த கேஸ் சில நேரம் முன்பைவிட நீளமாகிவிடுகிறது: 1.629 இருந்தது 1.631 ஆகிறது. அதைச் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) விட்டால், அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் இறுக்கமாக மூடுகிறது. வெர்னியரை மாற்ற வேண்டுமா, டையையா?

பதில் 1:

எதையும் மாற்ற வேண்டாம் நண்பரே. முதலில் ஒன்று: பழைய பிரைமரோடு (கேஸின் அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியோடு) அளக்கிறீர்களா? அப்படியென்றால் பாதிச் சிக்கல் அங்கேதான். ஃபயரிங் பின் குத்திய பள்ளத்தைச் சுற்றி விளிம்பு எழும்பி நிற்கும். பிரைமரே கொஞ்சம் வெளியே தள்ளியும் இருக்கலாம். வெர்னியரின் தாடை கேஸின் அடியில் உட்காராமல் அந்த மேட்டில் உட்காரும். திருப்பி வைக்கும்போது அளவு மாறுவதும் இதனால்தான்.

கேஸின் உடலைத் தொடாத தனி டீகேப்பிங் டையில் பிரைமரை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். அடிப்பக்கத்தில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பாகம்) உரசிய பிசிறு இருந்தால் அதையும் கவனியுங்கள். தோளில் கரி, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. அளக்கும்போது கேஸை மெல்லச் சுழற்றி நேராக உட்கார வையுங்கள். தாடையை எப்போதும் ஒரே அழுத்தத்தில் மூடுங்கள். சாதாரண டிஜிட்டல் வெர்னியரின் துல்லியமே கூட்டியோ குறைத்தோ 0.001 அங்குலம்தான். கை அழுத்தம் மாறினால் அந்த அளவுக்கு எளிதாகப் போய்விடும்.

பதில் 2:

கோ கேஜில் எந்தக் கோளாறும் இல்லை. .308-இல் ஹெட்ஸ்பேஸ் என்பது கேஸின் அடியிலிருந்து, தோளின் விட்டம் 0.400 அங்குலமாக இருக்கும் இடம் வரை உள்ள தூரம். இன்செர்ட்டின் துளை விளிம்பு சற்று மழுங்கியிருந்தாலோ, விட்டம் ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தாலோ, அது தோளைத் தொடும் இடம் தள்ளிப் போகும். அதனால்தான் அந்தக் கருவிக்குக் கம்பேரேட்டர் என்று பெயர். அது ஒப்பிட மட்டுமே.

உங்கள் கருவியில் 1.626 என்றால் 1.630 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் தன் கம்பேரேட்டரில் கண்ட அளவை உங்கள் கேஸுக்குப் பொருத்தவே பொருத்தாதீர்கள். உங்களுக்கு வேண்டியது, சுட்ட கேஸுக்கும் டையில் போட்ட கேஸுக்கும் ஒரே கருவியில் வரும் வித்தியாசம்.

பதில் 3:

கேஸ் நீள்வதைப் பற்றிச் சொல்கிறேன், பலரையும் குழப்புவது இதுதான். டை முதலில் கேஸின் உடலைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. பித்தளைக்குப் போக வேறு வழியில்லை, தோள் முன்னே நகர்கிறது. டையின் உள்தோள் கேஸின் தோளைத் தொட்ட பிறகுதான் அது பின்னே தள்ளப்படும். உங்கள் டை அந்த இடம் வரை இறங்கவில்லை, அதுதான் விஷயம். போல்ட் இறுகுவதும் அதனால்தான்.

டையை இறக்குங்கள், ஆனால் மிக மெதுவாக. வழக்கமான ரீலோடிங் டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலத்துக்கு மேல் இறக்கிவிடும். 0.001 அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 டிகிரி திருப்பம் போதும். டையின் தலையிலும் அதை மாட்டியிருக்கும் பிரஸ்ஸிலும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். திருப்பியதும் பூட்டு வளையத்தை இறுக்கி, அடுத்த கேஸை அளக்க வேண்டும்.

லூப்ரிகன்ட் எல்லாக் கேஸிலும் ஒரே அளவில் இருக்கட்டும். உலர்ந்த கேஸ் பிரஸ்ஸைக் கூடுதலாக வளைக்கும், தோள் குறைவாகப் போகும். கைப்பிடியை அடியில் ஓரிரு நொடி நிறுத்தினால் பித்தளை பழைய வடிவுக்கு எழும்புவது குறைந்து அளவு சீராகும். பலமுறை சுட்ட கேஸ் கெட்டிப்பட்டு அதிகம் எழும்பும். அதைப் புதுக் கேஸோடு கலந்து அளந்தால் குழப்பம்தான்.

கேட்டவர்:

மிக்க நன்றி. பிரைமரை எடுத்துவிட்டு அளந்தேன். சுட்ட கேஸ்கள் எல்லாம் 1.6275, 1.628 என்று வந்துவிட்டன. டையையும் கோடு போட்டு இறக்கி 1.626-க்குக் கொண்டுவந்தேன். ஆனால் இவை ஒருமுறை மட்டும் சுட்ட கேஸ்கள். சேம்பர் அளவுக்கு முழுதாக விரிந்திருக்குமா?

பதில் 2:

நல்ல கேள்வி. ஒருமுறை சுட்டதில், அதுவும் மென்மையான லோடில் (குறைந்த மருந்தில்), தோள் முழுதாக முன்னே போயிருக்காது. சுட்டதும் பித்தளை கொஞ்சம் சுருங்கவும் செய்யும். சேம்பரையே கேட்டுவிடுங்கள்: போல்டிலிருந்து ஃபயரிங் பின், எஜெக்டர் இரண்டையும் கழற்றுங்கள். பிரைமரும் மருந்தும் இல்லாத வெறும் கேஸை உள்ளே விட்டு, கைப்பிடி தானாக விழுகிறதா என்று பாருங்கள். கழற்றும் முறை துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், அதன் கையேட்டைப் பின்பற்றுங்கள். கைப்பிடி லேசாகத் தடுக்கிற கேஸின் அளவுதான் உங்கள் சேம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் அளவு. அதிலிருந்து 0.002 குறையுங்கள். நிரப்பிய தோட்டாவை வைத்து இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

வேறொருவர்:

என்னுடையது செமி ஆட்டோ. எனக்கும் 0.002 தானா?

பதில் 1:

இல்லை. அதில் போல்ட் தடையில்லாமல் முழுதாக மூடியாக வேண்டும். 0.003 முதல் 0.005 வரை விடுவது வழக்கம்.

பதில் 3:

அதற்காக இருவருமே தேவைக்கு மேல் தள்ளாதீர்கள். தோளை அதிகம் தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் அடிப்பகுதிக்குச் சற்று மேலே நீண்டு மெலியும். வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தால் எச்சரிக்கை. மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அந்தக் கேஸை நசுக்கிப் போட்டுவிடுங்கள். அதே லாட்டில் அத்தனை முறை சுட்ட மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

கேட்டவர்:

கம்பியால் பார்த்தேன், எதிலும் பள்ளம் இல்லை. போல்டைக் கழற்றிச் சோதித்ததில் 1.628-இல் லேசாகத் தடுக்கிறது, 1.626-இல் கைப்பிடி தானாக விழுகிறது. டையை அப்படியே பூட்டிவிட்டேன்.