லவோதிக்கேயாவில் நெசவு வேரூன்றியது எப்படி?

கேள்வி:
துருக்கியின் தெனிஸ்லி இன்றும் துண்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அதன் அருகில் இடிபாடாய்க் கிடக்கும் லவோதிக்கேயாவும் பண்டைக்காலத்தில் கம்பளியால் செழித்தது என்கிறார்கள். அதற்குக் காரணம் நிலமா, வணிக வழியா?

மறுமொழி 1:
இரண்டும்தான், ஆனாலும் நான் தண்ணீரையே முதலில் சொல்வேன். அப்பகுதி ஆடுகளின் கம்பளி மிலேட்டஸ் நகரின் கம்பளியையும் மிஞ்சும் மென்மையும் காக்கைக் கருமையும் கொண்டது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் உள்ள பழைய நகரமான ஹியராபொலிஸில் சுண்ணாம்பு கலந்த வெந்நீர் ஊறுகிறது. அந்நீரில் வேர்ச்சாயம் தோய்த்த கம்பளி, விலையுயர்ந்த கடல் ஊதாச் சாயம் ஏற்றியதற்கு ஈடாக நின்றது என்பதும் அவர் குறிப்பே. அங்குள்ள கல்லறைக் கல்வெட்டுகளில் ஊதாச் சாயக்காரர் சங்கம் இடம்பெறுவதைப் பார்த்தால், அத்தொழிலுக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

மறுமொழி 2:
வழியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். செலூக்கிய மன்னர் இரண்டாம் அந்தியோகஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தம் மனைவி லவோதிக்கேயின் பெயரால் அமைத்த இந்நகரம், எபேசுவிலிருந்து கிழக்கே செல்லும் பெருவழியில் இருந்தது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் சிதைந்தபோது, ரோமின் உதவியின்றித் தன் செல்வத்தாலேயே அது மீண்டெழுந்ததாக ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் பதிவு செய்கிறார்.

மறுமொழி 3:
ஒரு சிறு விளக்கம்: ஹியராபொலிஸ் இருக்கும் இடத்தின் இன்றைய பெயரான பாமுக்கலே என்றால் ‘பஞ்சுக் கோட்டை’ என்று பொருள், அப்பெயர் வெந்நீர் படியவிட்ட வெண்ணிறச் சுண்ணப் படிவுகளின் தோற்றத்தால் வந்தது என்பதால், அதைப் பருத்தித் தொழிலுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.