புதுப்பிப்பு: 27 அங்குலக் கணினித் திரை வாங்கியாயிற்று

விஏ, ஐபிஎஸ், ஓலெட் என்ற மூன்று திரை வகைகளில் எதை எடுப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். 1440பி தெளிவுத்திறன் வேண்டும், படம் நொடிக்கு 144 முறைக்கு (144 ஹெர்ட்ஸ்) குறையாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். பகலில் அதே திரையில் கணக்கு வேலை, இரவில் விளையாட்டு. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சனிக்கிழமை கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போய் நேரில் பார்த்தேன். விஏ-யின் கறுப்பு உண்மையிலேயே அழகு. ஐபிஎஸ்ஸில் பொதுவாக 1000:1 அளவில் இருக்கும் ஒளிமாறுபாடு (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்), விஏ-யில் 3000:1-ஐ எட்டிவிடும். ஆனால் விளையாட்டில் இருட்டுக் குகைக்குள் கேமராவைத் திருப்பியதும் தூண்களின் ஓரத்தில் கரி இழுவியதுபோல் ஒரு தடம். கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும்போதுதான் விஏ-யின் திரவப் படிகங்கள் மிகவும் தயங்குகின்றன. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதுதான் தெரியும்.

ஓலெட்டைப் பார்த்து மனம் சபலப்பட்டது. விலை ஒருபுறம் இருக்கட்டும், நாள் முழுவதும் அசையாமல் நிற்கும் கணக்கு அட்டவணைக் கட்டங்கள் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும் என்ற பயம் எனக்குப் போகவில்லை. ஐபிஎஸ்தான் எடுத்தேன். விளக்கை அணைத்தால் கீழ் மூலையில் சாம்பல் ஒளி கசிகிறது. திரைக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கு வைத்ததும் உறுத்தவில்லை.

ஓவர்டிரைவை (படிகங்களை வேகமாக மாறவைக்கும் திரை அமைப்பு) உச்சத்தில் வைக்காதீர்கள், உருவங்களைச் சுற்றி வெள்ளை நிழல் வருகிறது. நடு அளவே போதும். விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றிருந்தது. அமைப்புகளில் நாமே மாற்ற வேண்டும்.