புதுப்பிப்பு: அப்பாவின் கண் மங்கல்

காட்பாடியில் இருக்கும் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் மங்கல், கண்ணாடி மாற்றியும் தேறவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

வேலூரில் கண் டாக்டர் சொட்டுமருந்து பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டி, "என்ன நிறம் ஐயா?" என்றார். "சாயம் போன செங்கல் மாதிரி இருக்குதுங்க." விழித்திரை, பார்வை நரம்பின் முகப்பு எல்லாம் இயல்பு, பார்வைப் புலச் சோதனையில்தான் (நேரே பார்க்கும்போது எந்தெந்த இடம் தெரிகிறது என்று பார்ப்பது) நடுவில் ஓட்டை. அப்புறம்தான் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். காசநோய்க்கு நான்கு மாதமாக எத்தாம்புட்டால்! (முதல் பதிவில் இதைச் சொல்லவே இல்லை, என் தப்பு.) பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது, அப்பாவுக்கோ கிரியேட்டினின் கூடுதல், அதாவது சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை, மருந்து உடம்பில் தேங்கிவிடும். பார்வையைக் கெடுக்கக்கூடிய மற்ற காரணங்களில் வைட்டமின் பி12, சர்க்கரை சரி.

காசநோய் டாக்டரிடம் பேசி எத்தாம்புட்டாலை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். பார்வை திரும்ப மாதங்கள் ஆகலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம். நேற்று தக்காளியைக் காயா பழமா என்று அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தார்.