வன்னிக்கு வந்த இசை விரிவுரையாளர்கள்: நாங்கள் கண்டதும் கேட்டதும்

முள்ளியவளையிலிருந்து:

வன்னிக்குள் சங்கீதம் படிக்கக் கம்பஸ் கிடையாது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது, கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியலும் விவசாயமும் நடக்கிறது. இசை என்றால் ஒன்றில் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக்கழகம் (இப்போது அது யாழ் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம்), இல்லாவிட்டால் மட்டக்களப்பில் விபுலானந்தர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகம். ஆகவே இசை அறிமுறை படிப்பிக்கிற ஒருவரை எங்கள் ஊரில் காண வேண்டுமென்றால், அவர் ஏதாவது அலுவலாக இங்கே வர வேண்டும்.

அப்படி ஒருவர் நாலைந்து மாணவர்களோடு கோவலன் கூத்துப் பாட்டுகளைப் பதிய வந்தார். எங்கள் பக்கத்துக் கூத்துக்கு முல்லைமோடி என்று பெயர். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து இருந்தோம். ஒரு பிள்ளை ஃபோனில் சுருதியைப் போட்டுவிட்டு, "ஐயா, எத்தனைக் கட்டையில பாடுவீங்கள்?" என்று கேட்டாள். "என்ர தொண்டை எதில நிக்குதோ அதில, பிள்ளை" என்றார் கிழவர். சேர் சிரித்துக்கொண்டே ஃபோனை நிற்பாட்டச் சொல்லிவிட்டார்.

கிழவர் ஒரு வரவுத் தருவை, அதாவது பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுகிற பாட்டை, எடுத்தார். இரண்டாவது அடி முடிவதற்குள் அந்தப் பிள்ளை கொப்பியில் 'கரகரப்பிரியா' என்று இராகப் பெயரை எழுதியாயிற்று. சேர் எட்டிப் பார்த்தார். "பேரை வெட்டும். முதல்ல எந்தச் சுரத்தில வந்து நிக்குது எண்டு பாரும்." அப்புறம் அந்த ஒரே அடியை அண்ணாவியாரிடம் திரும்பத் திரும்பப் பாடக் கேட்டார். ஏறும்போது காந்தாரம், அதாவது 'க', மேல் வகையான அந்தரத்துக்குக் கிட்டப் போகிறது, இறங்கும்போது அதற்குக் கீழ் வகையான சாதாரணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அடுத்த தடவை அதுவும் மாறி, இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. ஏழாவது சுரமான நிடாதம் அந்தப் பாட்டில் வரவேயில்லை.

அந்த இடத்தில் அவர் சொன்ன விளக்கம் எனக்கு நன்றாகப் பிடித்தது. 72 மேளம், அதாவது தாய் இராகங்களின் இலக்கமிட்ட வரிசை, 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி போட்டுவைத்த கணக்கு. 12 சுரத்தானங்களுக்கு 16 பெயர் கொடுத்து, ஏழு சுரமும் வரும்படி எத்தனை விதமாக அடுக்கலாம் என்று பார்த்தால் 72 வரும். அடுக்கிப் பார்க்க அது அருமையான ஒழுங்கு. ஆனால் ஏழு சுரமே இல்லாத, ஒரு சுரம் ஓரிடத்தில் நில்லாத பாட்டுக்கு அதில் இலக்கம் தேடினால், பாட்டைத்தான் வெட்டிக் குறைக்க வேண்டிவரும். அன்று மாணவர்கள் சுரப்படுத்திய தாளில் காந்தாரத்துக்கு மேலே அம்புக்குறிதான் போட்டார்கள், இராகப் பெயர் போடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒருவரும் இருக்கிறார். என் தங்கை பட்டப் படிப்பில் கூத்து இசையை ஆய்வுக்கு எடுத்தபோது, வாய்மொழிப் பரீட்சையில் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதில சங்கீதம் எங்க இருக்கு?" பேரும் வேண்டாம், இடமும் வேண்டாம். தங்கை பாடிக் காட்டினாள். புள்ளியும் போட்டார்தான், அதை மறுக்கவில்லை.

கிளிநொச்சியிலிருந்து:

ஏஎல் பிள்ளைகளுக்கு நடந்த கருத்தரங்கு ஒன்றுக்கு வந்த மிஸ்ஸை மறக்க ஏலாது. மேள இராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை இலக்கமாக்கித் திருப்பிப் போட்டு அதன் மேள எண்ணைக் கண்டுபிடிக்கிற கடபயாதிச் சூத்திரம் எங்களுக்கு எப்போதும் மந்திரம் மாதிரித்தான். மாயாமாளவகௌளை, மா 5, யா 1, திருப்பினால் 15, பாடமாக்கு, முடிந்தது. தீரசங்கராபரணம் ஏன் 29 என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ர 2, சரி. தீ எப்படி 9? மிஸ் பலகையில் கிரந்த எழுத்து நாலையும் எழுதி, தமிழில் ஒரே 'த'வாக எழுதுகிற இடத்தில் அங்கே 6, 7, 8, 9 என்று நாலு ஒலி இருப்பதைக் காட்டினார். தமிழ் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்க முடியாது என்பதை இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஏழு தாளமும் ஐந்து ஜாதியும் சேர்ந்து வருகிற 35 தாளங்களையும் சொல்லித்தந்தார். தாள உறுப்புகளில் லகுவின் எண்ணிக்கை மட்டும்தான் ஜாதிக்கு ஜாதி மாறும், துருதம் இரண்டிலிருந்து அசையாது என்பதைப் பிடித்துவிட்டால் மீதி கூட்டல் கணக்கு. லகு ஒன்பதாக வருகிற சங்கீர்ண ஜாதியில், மூன்று லகுவும் ஒரு துருதமும் உள்ள துருவ தாளம் 29 அட்சரம். பின் வாங்கில் இருந்த பெடியன் அதைப் போட்டு முடிக்கும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

புதுக்குடியிருப்பிலிருந்து:

நான் மருதனார்மடத்தில் படித்தவள். இசையாக்கப் பாடத்துக்கு ஒரு கீர்த்தனை செய்து வரச் சொன்னபோது, ஊர் நினைப்பில் வற்றாப்பளை அம்மன்மேல் எழுதினேன். மத்யமாவதி இராகம், ஆதி தாளம், 'வற்றாப்பளை வாழும்' என்று பல்லவி. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவந்து விளக்கெரிப்பதைச் சரணத்தில் வைத்திருந்தேன். அதுதான் விசேஷம் என்று எனக்கு நினைப்பு.

சேர் சரணத்துக்கே போகவில்லை. பல்லவியின் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார். "பாடும், பாடும்" என்றார். பாடினேன். "ஊரின்ர பேர் வாற்றாப்பளையோ?" தாளம் தொடங்குகிற அடியில் 'வ'வை வைத்து நாலு அட்சரம் இழுத்தால் குறில் நெடிலாகத்தானே கேட்கும்! அவர் செய்த மாற்றம் சின்னது. 'வற்' என்பதைத் தாளம் தொடங்குகிற சமத்துக்கு முன்னாலேயே எடுத்து, 'றா' அடியில் விழும்படி அதீத எடுப்பாக்கினார். இழுக்க வேண்டிய இடத்தில் நெடில் வந்தது, ஊர்ப் பெயரும் தப்பியது. தாளத்துக்கு முன்னால் பாட்டை எடுத்தால் அதீதம், பின்னால் எடுத்தால் அனாகதம் என்று பரீட்சைக்கு வரைவிலக்கணம் எழுதியிருக்கிறோம். இதற்கெல்லாம் உதவும் என்று அதுவரை யாரும் காட்டவில்லை.

கடைசி வரியில் பாட்டை ஆக்கியவரைக் காட்டுகிற முத்திரைச் சொல் ஒன்றும் வைத்திருந்தேன். "பத்துப் பாட்டு முடியட்டும், பிறகு வையும்" என்று அதையும் கீறிவிட்டார். அது கொஞ்சம் கூடத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மட்டக்களப்பில் படித்த வன்னிப் பிள்ளைகள் இருந்தால் எழுதுங்கள். அங்கே இசையாக்கத்துக்குப் பாட்டு வரியையும் நீங்களே எழுத வேண்டுமா, அல்லது மெட்டு மட்டும் போதுமா?