இடது காலுக்கு ஒரு இன்ச்

போன வருஷம் ஷட்டில் ஆடும்போது, வலது குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி இருந்தது. திரும்பினால் ஆளே இல்லை. சுளுக்கு என்று ஐஸ் வைத்து இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் டாக்டர் குப்புறப் படுக்கச் சொல்லி ஆடுசதையை அமுக்கினார். இடது பாதம் அசைந்தது. வலது அப்படியே கிடந்தது. ஆடுசதையைக் குதிகாலோடு இணைக்கும் அகில்லிஸ் தசைநார் அறுந்துவிட்டது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆபரேஷன், இரண்டு வாரம் கட்டு, அப்புறம் முழங்கால் வரை வரும் வாக்கிங் பூட். உள்ளே குதிகாலுக்கு அடியில் மூன்று ஆப்புகள். பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் தைத்த இடம் இழுபடாதாம். டாக்டர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ராத்திரியும் பூட்டோடுதான் தூக்கம். வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தத்தில் வீடே விழித்துக்கொள்ளும்.

பார்த்தவர்கள் எல்லாம், "புத்தூர்ல கட்டு போட்டிருக்கலாமே?" எலும்பு இல்லைங்க, நார் என்றால் உடனே ஆட்டுக்கால் சூப்புக்குத் தாவிவிடுவார்கள். (சூப் குடித்தேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.)

என்னைப் படுத்தியது இடுப்புதான். பூட்டின் அடி தடிமன். இடது காலில் சாதாரணச் செருப்பு என்றால் வலது பக்கம் ஒரு இன்ச் தூக்கிக்கொண்டு நிற்கும். பத்தே நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இடது காலையும் உயர்த்துங்கள் என்றார் பிசியோ. வீட்டில் இருந்த எந்த ஷூவும் எட்டவில்லை.

தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் போனேன். "நேரா நில்லுங்க தம்பி" என்றவர், என் இடுப்பு எலும்பில் இரண்டு பக்கமும் கை வைத்துக் கண்ணாலேயே மட்டம் பார்த்தார். ரப்பர் ஷீட்டை வெட்டி, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டினார். மறுபடி நிற்கச் சொன்னார். உதட்டைப் பிதுக்கி, மெல்லிசாக இன்னொரு துண்டு வைத்துச் சுத்தியால் தட்டி, ஓரத்தைக் கத்தியால் சீவினார். எண்பது ரூபாய். நாலே நாளில் இடுப்பு வலி மட்டுப்பட்டது.

பூட்டை விட்டபோது வலது ஆடுசதை குச்சியாகியிருந்தது. முதல் நாள் பழக்கதோஷத்தில் அதே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். இப்போது மறுபக்கம் நொண்டல். பெரியவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுச் சிரித்தார். உட்காரவைத்து, ஒட்டியதைப் பிய்த்தெடுத்தார். அதற்கு முப்பது ரூபாய்.