இழை: வொர்க்கிங் மெமரிக்குத் தமிழ்ச் சொல் (கூடவே உணர்ச்சி)

மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து:

வணக்கம். மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வேலை முடியும்வரை விஷயங்களை மனதில் பிடித்து வைத்துப் புரட்டும் நினைவுக்கு, அதாவது வொர்க்கிங் மெமரிக்கு, சொல் கிடைக்காமல் முதல் பக்கத்திலேயே நிற்கிறது.

'குறுங்கால நினைவு' போதாதா என்று ஐயா கேட்டிருந்தீர்கள். போதாது. 7, 2, 9 என்று சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னால் குறுங்கால நினைவே போதும். கடைசியிலிருந்து 9, 2, 7 என்று சொல்லச் சொன்னால் எண்களைப் பிடித்து வைத்துக்கொண்டே புரட்டவும் வேண்டும். 1974இல் உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்ச்சும் தனியாகப் பிரித்துக் காட்டியது இந்த வேலையைத்தான். 'கைவச நினைவு' எப்படி?

லாஸ்பேட்டை, புதுச்சேரியிலிருந்து:

அம்மா, சரக்கு கைவசம் இருக்கிறது என்றால் அது சும்மா கிடக்கிறது என்றுதான் பொருள். புரட்டும் வேலை அதில் வரவில்லை. 'கையாள் நினைவு' என்று மாற்றலாமென்றால் அடியாள்தான் முன்னால் வந்து நிற்கிறான். 'நினைவக'த்தைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். 'செயல் நினைவு' என்றால் சைக்கிள் ஓட்டப் பழகிய நினைவோடு குழம்பும். 'இயங்கு நினைவு' என்று வைப்போம். வினைத்தொகை, முக்காலத்துக்கும் ஆகும்.

அப்புறம், பயத்திலும் கோபத்திலும் இந்த நினைவு தடுமாறுவதற்கு 'உணர்ச்சி மறதி' என்றே போடலாமே? எல்லாருக்கும் புரியும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

இயங்கு நினைவு சரி, எடுத்துக்கொண்டேன். 'உணர்ச்சி மறதி' மட்டும் வேண்டாம் ஐயா. புரியும், ஆனால் தப்பாகப் புரியும்.

பதற்றக் கோளாறு உள்ள ஒரு பிள்ளையிடம் அம்மா எரிச்சலாக, "டப்பாவ உள்ள வை, டைரிய எடு, ஃபேன நிறுத்திட்டு வா" என்கிறார். பிள்ளை டப்பாவை வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறது. "மறந்துட்டியா?" என்று அதட்டினால் அந்த டப்பா வேலையும் குழம்புகிறது. மறப்பதற்கு முதலில் அது உள்ளே போய்ப் பதிந்திருக்க வேண்டுமே. அம்மாவின் முகத்தைக் கவனிப்பதிலேயே இயங்கு நினைவின் இடம் நிறைந்துவிட்டது. நல்ல நிலையிலேயே அங்கே நாலைந்து விஷயங்களுக்குமேல் தங்காது. தேர்வறையில் வராத விடை வாசலைத் தாண்டியதும் வருகிறதே, அதையும் மறதி என்பதா?

உடம்புக்குள் நடப்பதும் இதைத்தான் சொல்கிறது. அழுத்தம் கூடினால் நார்அட்ரினலின், டோபமின் என்ற மூளை வேதிப்பொருட்கள் அளவுமீறிச் சுரந்து, நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளையின் பிடி தளர்கிறது. நெடுநாள் நினைவு பத்திரமாகத்தான் இருக்கிறது. 'மறதி' என்று அச்சடித்துவிட்டால் வல்லாரை லேகியம் வாங்கப் போய்விடுவார்கள்.

அதனால் 'உணர்ச்சிக் குறுக்கீடு' என்கிறேன். ஆய்வுகளிலும் குறுக்கே எதையாவது போட்டுத்தான் பார்க்கிறார்கள்: முந்தினதற்கு முந்தின எழுத்தை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் கோபமான முகத்தையோ பயந்த முகத்தையோ காட்டுவார்கள். முகத்தைச் சட்டை செய்யாமல் எழுத்தைப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

லாஸ்பேட்டையிலிருந்து:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்துமா? கவனக்குறைவு, மிகை இயக்கம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு எந்த உணர்ச்சியும் குறுக்கே வராதபோதே இயங்கு நினைவு குறைவுதானே?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

சரியான கேள்வி. பதற்றத்தில் ஆபத்தைத் தேடும் கவனம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மனச்சோர்வில் ஒரே நினைப்பு சுழன்று சுழன்று பிடிக்கிறது. நீங்கள் சொல்லும் பிள்ளைகளுக்கு இடமே சின்னது, அதன்மேல் எரிச்சலும் வந்து உட்கார்ந்தால் இன்னும் மோசம். பிடித்த விஷயமென்றால் உணர்ச்சியே உதவுவதும் உண்டு. ஆகவே பொதுப்பெயர் 'உணர்ச்சித் தாக்கம்', அது கெடுக்கும் இடத்தில் மட்டும் 'உணர்ச்சிக் குறுக்கீடு'. கையேட்டு வரைவில் 'மனநோய்க் குழந்தைகள்' என்று ஒருவர் திருத்தியிருந்ததை நீக்கிவிட்டேன், பிள்ளைக்கு அது பட்டப்பெயராகிவிடும்.

இயங்கு நினைவுக்குப் பேட்லி வகுத்த மாதிரியில் ஒலியை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் பகுதிக்கு 'ஒலிச்சுற்று' என்று குறித்திருக்கிறேன். மின்சாரக்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் வேறு சொல் இருந்தால் தனி இழையில் போடுங்கள்.